கொசுறு மிளகாய்

காய்கறிக்கடையில் காசு கேட்காமல் பையில் விழுந்த சாமான்கள் இரண்டு. ஒன்று கறிவேப்பிலை, இன்னொன்று பச்சை மிளகாய். இப்போது பாதிக் கடைகளில் அதற்கும் காசு வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் நம் மனதில் மிளகாய் என்பது கொசுறுதான். அதை வீட்டில் வளர்க்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சிரிப்பு வருகிறது.

மூளிக்குளம் பக்கம் காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர் போன வாரம் சொன்னது இது: "ஏனுங் சார், சந்தைக்குப் போனா பத்து ரூவாய்க்கு ஒரு கை மொளகாய் அள்ளிப் போடறான். அதுக்குப் போயி இத்தன தொட்டி, இத்தன மண்ணு. வேலையத்த வேலைங்க." கூட வந்த இருவரும் தலையாட்டினார்கள். நடக்கும்போது வாதம் செய்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பத்து ரூபாய்க் கணக்கை நான் மறுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கு எழுதியவன், எனக்கும் கூட்டத் தெரியும். தொட்டி, மண், தொழுவுரம், தண்ணீர் எல்லாவற்றையும் செலவுப் பக்கத்தில் எழுதினால் வீட்டு மிளகாய் கடை மிளகாயைவிட விலை கூடத்தான் வரும். நான் கேட்பது வேறு. அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன வாங்கி வருகிறீர்கள்?

மிளகாய்ச் செடியைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரே செடியில், ஒரே சமயத்தில், மேலே பூ இருக்கும், நடுவில் பிஞ்சு இருக்கும், கீழே பறிக்கிற பருவத்துக் காய் இருக்கும். நெல் மாதிரி ஒரே நாளில் அறுத்துக் கட்டுகிற பயிர் இல்லை இது. நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு, மாதக்கணக்கில். பூச்சிக்கொல்லி டப்பாவில், அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கெடுவை மிளகாயில் எப்படிக் காப்பது? பூவைக் காப்பாற்ற இன்றைக்கு அடித்த மருந்து, நாளை மறுநாள் பறிக்க வேண்டிய காயின் மேலும்தான் படிகிறது. கெடு முடியும்வரை காத்திருந்தால் காய் பழுத்துவிடும், சந்தை போய்விடும். காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் இன்னொன்று. பீர்க்கங்காயைத் தோல் சீவுகிறோம், முட்டைக்கோசில் மேல் இலையை உரித்துப் போடுகிறோம். மிளகாயைத் தோலோடு, முழுசாக, சட்னியில் வேகவைக்காமலே அரைத்துத் தின்கிறோம். உப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்பார்கள். மேலே ஒட்டியது கொஞ்சம் போகும். செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் ரகம் எந்தத் தண்ணீருக்கும் போகாது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2014 மே மாதம் சவூதி அரேபியா இந்தியப் பச்சை மிளகாயே வேண்டாம் என்று தடை போட்டது. காரணம், அளவுக்கு மீறிய பூச்சிக்கொல்லி எச்சம். அங்கே துறைமுகத்தில் சோதிக்க ஒருவன் இருந்தான், பிடித்தான். நம் தெருவுக்கு வருகிற தள்ளுவண்டியைச் சோதிப்பவர் யார்?

விவசாயியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2021-ல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் புதிதாக வந்த ஓர் இலைப்பேன் மிளகாய்க் காடுகளை அப்படியே காய வைத்தது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவன் கையில் கிடைத்ததை எல்லாம் அடித்தான். அவனுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. நமக்கு வேண்டியது ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மிளகாய், அவ்வளவுதான். தக்காளி, வெங்காயம் எல்லாம் மொட்டைமாடியில் விளைந்து ஒரு குடும்பத்துக்குப் போதாது. மிளகாய் போதும். எங்கள் வீட்டில் நாலு பேர், ஆறு செடி. தை முடியும் வரை பச்சை மிளகாய்க்கென்று கடைக்குப் போகவில்லை. வீட்டுத் தோட்டத்தில் கணக்கு நேராகிற காய் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

அடுத்தது மிளகாய்த்தூள். இது நம் ஊர்க்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகப் புரிய வேண்டிய விஷயம், ஏனென்றால் இது சாயக் கதை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழி மறந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்ச் செய்திகளை அப்போதைக்கப்போது படிப்பேன். 2003 மே மாதம் பிரான்ஸ் நாடு மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்ப் பொருட்களில் சூடான்-1 என்ற சிவப்புச் சாயம் கலந்திருக்கிறது என்று. ஜூன் மாதமே ஐரோப்பிய ஒன்றியம், சோதனைச் சான்று இல்லாமல் மிளகாயும் மிளகாய்த்தூளும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. அப்புறமும் 2005-ல் பிரிட்டனில் அதே சாயம் ஒரு சாஸ் வழியாக நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்களுக்குள் போயிருப்பது தெரிந்து, கடை அலமாரிகளைக் காலி செய்தார்கள்.

சூடான்-1 என்பது மெழுகுக்கும் எண்ணெய்க்கும் பூட்ஸ் பாலிஷுக்கும் நிறம் ஏற்றுகிற சாயம். புற்றுநோய் வரலாம் என்ற ஐயத்தால் உணவில் அதற்கு இங்கேயும் தடை, அங்கேயும் தடை. ரகத்தில் அது அசோ சாயம்.

அசோ என்ற வார்த்தையைத் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990-களின் நடுவில் ஜெர்மனிக்காரன், குறிப்பிட்ட அசோ சாயங்கள் போட்ட துணி எங்கள் நாட்டுக்குள் வராது என்று சொன்னான். ஊரே பதறியது. 1997-ல் இந்திய அரசும் எழுபது சாயங்களைத் தடை செய்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆய்வகச் சான்று, முத்திரை, கையெழுத்து. ஐரோப்பாவில் ஒரு குழந்தை போடப்போகிற பனியனில், மேல் தோலில் படப்போகிற சாயத்தில் எந்த நஞ்சும் இல்லை என்று நாம் சான்று வாங்கி அனுப்புகிறோம். செய்ய வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அந்தப் பனியனைத் தைத்த வீட்டில் மத்தியானம் குழம்புக்குப் போடுகிற தூளில் என்ன சாயம் என்று ஒருவராவது கேட்டிருக்கிறோமா? தோலில் படுவதற்குச் சான்று, வயிற்றுக்குள் போவதற்கு ஒன்றும் இல்லை.

யூடியூபில் ஒரு சோதனை காட்டுவார்கள். டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவு, நிறம் கோடாக இறங்கினால் கலப்படம் என்று. தண்ணீரில் கரைகிற சாயத்துக்கு அது சரி. சூடான் வகைச் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். மிளகாயின் சொந்தச் சிவப்பும் எண்ணெயில்தான் கரையும். சமையலறையில் நின்று இரண்டையும் பிரிக்க முடியாது. இது சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

ஆறு செடியில் வருடத்துக்கு வேண்டிய வரமிளகாய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. (எங்கள் பக்கம் மிளகாய் வற்றல் என்போம். இங்கே வந்த புதிதில் கடைக்காரரிடம் வற்றல் கேட்டால் என்ன வற்றல் என்று திருப்பிக் கேட்டார்.) வரமிளகாயை முழுசாக வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் காய வைத்து, மாவு மில்லில் கண் முன்னால் அரைத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் அம்மாமார்கள் செய்தது அதுதானே. ஆனால் நாலு செடியையாவது பழுக்க விட்டு, காய வைத்து, ஒரு தடவை வீட்டுத் தூள் அரைத்துப் பாருங்கள். அதன் நிறம் பாக்கெட் தூளைவிட மங்கல். அந்த மங்கல் நிறத்தைப் பார்த்த பிறகு, கடையில் பளபளக்கிற சிவப்பை நம்பத் தோன்றாது.

இனி என் நண்பர்களின் மறுப்புகள்.

"மண்ணரையில் மிளகாய் வராது, போர்த்தண்ணி உப்பு." இது பாதி உண்மை. சாயமேற்ற மூட்டை மூட்டையாக உப்புப் போட்ட ஊர் இது. அது நொய்யலில் போனது, நிலத்தில் இறங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் நாம் பார்த்தவர்கள்தான். இறங்கிய உப்பு தீர்ப்பைக் கேட்டு மேலே ஏறி வந்துவிடாது. மிளகாயோ உப்பைத் தாங்காத செடி. போர்த்தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும், செடி குறுகி நிற்கும். ஆனால் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறதே. அது போதாவிட்டால் மழைத் தண்ணீர். 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்று அரசு சொன்னபோது எல்லோரும் ஒரு குழாயை மாட்டினோம். அந்தக் குழாயின் அடியில் ஒரு இருநூறு லிட்டர் டிரம் வைத்தால் ஆறு செடிக்கு அது பெரிய சொத்து. செடி நிற்பது தொட்டியில், நொய்யல் மண்ணில் இல்லை. தென்னை நார்க்கழிவு வாங்கினால் மட்டும் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

"இடம் எங்கே சார்?" என்பது அடுத்தது. இடம் இருந்தது. முன்வாசலில் இருந்த மண்ணை எல்லாம் சிமெண்ட் போட்டு மூடி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்தது யார்? குரோட்டன்ஸ் இருக்கிற இடத்தில் மிளகாய் இருக்கும். ஒரு அடி அகலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு செடி. ஆறு மணி நேர வெயில். அவ்வளவே அது கேட்கிறது.

"எங்க வீட்டில் வைத்தோம், இலை சுருண்டு போச்சு." இதுதான் உண்மையான மறுப்பு, இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். இலை சுருண்டால் எல்லோரும் ஒரே நோய் என்று நினைக்கிறார்கள். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி சுருண்டு, காம்பு நீண்டால் சிலந்தி. இலை சிறுத்து, கொத்தாக, மஞ்சள் ஓடிக் குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், அதற்கு வைத்தியமே கிடையாது, பிடுங்கி எறிய வேண்டும். முதல் இரண்டுக்கும் காலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்குச் சோப்புக் கரைசலில் கலக்கிய வேப்பெண்ணெய், வாரம் ஒரு தரம், சாயங்காலத்தில். சிலந்திக்கு நனையும் கந்தகம் கேட்கும்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? உரக்கடைக்குப் போய் "மொளகாய்ச் செடிக்கு மருந்து குடுங்க" என்கிறார்கள். அவர் எடுத்துக் கொடுப்பதைக் கொண்டுவந்து அடிக்கிறார்கள். பல பூச்சிக்கொல்லிகள் சிலந்தியைத் தின்கிற நல்ல பூச்சிகளை முதலில் கொன்றுவிடும், சிலந்தி முன்னைவிடப் பெருகும். பெருகியதும் இன்னொரு டப்பா. கடைசியில் சந்தை விவசாயி அடிப்பதைவிட அதிகமாக அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது "நம்ம வீட்டு மிளகாய், இயற்கை" என்கிறார்கள். இவர்கள் மேல்தான் எனக்கு மெய்யான கோபம். கடைக்காரன் விற்பது வயிற்றுப் பிழைப்புக்கு. இவர்களுக்கு என்ன வந்தது?

மருந்து என்ற சொல்லே மோசம். கொல்வதற்குப் பெயர் மருந்து. பிரெஞ்சுக்காரனும் இதில் நமக்குச் சளைத்தவன் இல்லை, திராட்சைக்கு நஞ்சு அடிப்பதை அவன் 'த்ரெத்மான்' என்பான், சிகிச்சை என்று அர்த்தம்.

வயதைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. "இந்த வயசுல மிளகாய் ஆகாதுங்க, அல்சர் வரும்." இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்த இரண்டு ஆஸ்திரேலிய டாக்டர்களுக்கு 2005-ல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. அடுத்த காரணம் முழங்கால் வலிக்கு நாம் விழுங்குகிற மாத்திரை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளட்டும், டாக்டர் சொன்னதைக் கேட்கட்டும். அதற்காகப் பேரப்பிள்ளைகள் தின்கிற மிளகாயை நாம் வளர்க்கக் கூடாது என்று எந்த டாக்டர் சொன்னார்?

இளைஞர்கள் வேறு ஒரு பைத்தியத்தில் இருக்கிறார்கள். 2023 வரை உலகத்திலேயே காரமான மிளகாய் என்று பெயர் பெற்றிருந்த கரோலினா ரீப்பர் விதையை ஆன்லைனில் வாங்கி வளர்ப்பது. காய்த்ததும் போட்டோ எடுப்பார்கள், ஒருவரும் தின்ன முடியாது, செடியிலேயே அழுகும். வீட்டுக்கு வேண்டியது சமைக்கிற மிளகாய். கோவில்பட்டியில் வந்த கே-1 போதும், நம் பக்கத்துச் சம்பா போதும். குண்டு மிளகாய் ஆசை இருந்தால் ராமநாதபுரம் முண்டு இருக்கிறது, 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரான்சில் எஸ்பெலெத் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மிளகாயைச் சரம் சரமாகக் கோர்த்து வீட்டு முகப்பில் காய வைப்பார்கள். 2000-த்திலேயே ஊர்ப்பெயரை மிளகாய்க்குச் சட்டமாக்கிக்கொண்டார்கள். காரம் என்று பார்த்தால் நம் சம்பாவின் பக்கத்தில் நிற்காது. ஆனால் அங்கே யாரும் அதைக் கொசுறாகப் போட மாட்டார்கள்.

"நாட்டு மிளகாய்தான் வேண்டும், மற்றதெல்லாம் அந்நியம்" என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிளகாயே மெக்சிகோ பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அதற்கு முன் நம் ஆட்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள், பெயரே அதைச் சொல்கிறது. வம்சம் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது, விதை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி மாதிரி வருமா என்பதை. ஹைபிரிட் அப்படி வராது.

ஆடியில் விதை போட்டு, நாற்று ஒரு சாண் வந்ததும், அதாவது முப்பத்தைந்து நாற்பது நாளில், தொட்டி மாற்றினால் ஐப்பசி கார்த்திகையில் பறிக்க ஆரம்பிக்கலாம். நாற்றுக்குத் தண்ணீர் கொட்டாதீர்கள், அடித்தண்டு அழுகிச் சாயும். வளர்ந்ததும் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு நம் ஊரில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் மாதிரி உலகத்தில் ஒன்று கிடையாது. மெதுவாக இழுத்துக்கொடுக்கும், தண்டை அறுக்காது. சித்திரை வெயிலில் பூ கொட்டும். பயந்து உரம் போடாதீர்கள், மத்தியான வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டுங்கள்.

பறிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காம்போடு மேல்நோக்கி ஒடிக்க வேண்டும். இழுத்தால் கிளையே கையோடு வரும். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். செடியில் அழகாக இருக்கிறதே என்று எல்லாக் காயையும் பழுக்க விட்டால், வந்த வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும். விதைக்கு நல்ல செடியில் நாலு காயை மட்டும் விடுங்கள். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும், பூ விரியும் முன்னே ஒரு மெல்லிய துணிப்பையைக் கட்டி, அவ்வப்போது கிளையைத் தட்டிவிட வேண்டும். மிச்சம் காய்த்தால் மோர் மிளகாய் போடுங்கள், கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ராத்திரி ஊற வைத்து, பகலில் காய வைத்து, தயிர் வற்றும் வரை. மருமகள்கள் செய்யமாட்டார்கள் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குத்தான் பகல் முழுவதும் வேலை இல்லையே.

மூளிக்குளம் நண்பருக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டத் துணிவு இல்லை. அவர் வீட்டம்மா இதைப் படிக்கிறவர் என்று தெரியும். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: சம்பா விதை என்னிடம் இருக்கிறது, ஆடி பிறக்குமுன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாங்க. காசு வேண்டாம். உறை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள், ஆபீஸிலிருந்து வந்த பழைய உறைகள் போன வருடத்தோடு தீர்ந்துபோயின.